இருபத்து நான்கு மாங்கொட்டைகள்

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது இதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் படிக்கமாட்டார், தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டு, ஒன்று குறைகிற மாதிரி இருக்கிறதே என்பார். எதற்கு வம்பு? அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் அக்கா என்று கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்புவார்கள். ஆனாலும் யாரைக் கூப்பிட்டோம் என்பது ஒன்பது பேருக்கும் தெரியும்.

அக்கா எண்ணுவார். அவரைப் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். டீ இடைவேளையில் பேப்பர் கப், மழை நாளில் வாசலில் விரித்து வைத்த குடை, ராயக்கோட்டை ரயில்வே கேட்டில் நின்றால் கூட்ஸ் வண்டியின் பெட்டி, எதையும் விடமாட்டார். உதடு மட்டும் அசையும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அதனால் எண்ணுவதும் தெலுங்கில்தான். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கை இறங்கும்வரை மேனேஜராக இருந்தாலும் நிற்கவேண்டியதுதான்.

மெயின்டனன்ஸில் இருந்த மாதேஷுக்கு அவரைக் கலைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஒருநாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "பதினேழு, முப்பத்தொண்ணு, எட்டு" என்று கத்தினான். தமிழ் எண்கள் அக்காவின் காதுக்குள் ஏறவே இல்லை. மறுநாள் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்து தெலுங்கில் கத்தினான். அக்கா ஒரு கணம் நின்றார், அவனைப் பார்த்துச் சிரித்தார், விட்ட இடத்திலிருந்து கன்னடத்தில் தொடர்ந்தார். மாதேஷ் பாலக்கோட்டுக்காரன். அவனுக்குக் கன்னடத்தில் தெரிந்தது, சாப்பிட்டாச்சா என்று கேட்கும் 'ஊட்டா ஆயித்தா' மட்டும். அதையும் சொல்லிப் பார்த்தான். அக்கா இடது கையைத் தூக்கினார்.

ஓசூரில் ஜூஜுவாடி பக்கம் இருந்த கம்பெனி அது. காரின் பக்கக் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் துண்டு செய்தோம். இடப் பக்கத்துக்கு ஒரு துண்டு, வலப் பக்கத்துக்கு ஒரு துண்டு. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு. பெட்டியில் ஒன்று குறைந்து போனால் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் போன் செய்து திட்டுவார்கள், அத்தோடு சரி. எண்ணிக்கை சரியாக இருந்து, இடது துண்டுகளுக்கு நடுவே ஒரு வலது துண்டு போய்விட்டால் நேரிலேயே கிளம்பி வருவார்கள். குறைவதைவிட மாறுவது பெரிய குற்றம் என்பது பேக்கிங்கில் சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லப்படுவது.

அக்காவுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. டேப் ஒட்டுவதற்கு முன்னால் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துழாவு துழாவுவார். முகம் வேறெங்கோ இருக்கும், தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று கை நிற்கும். ஒரு துண்டை உருவி மேசைமேல் வைப்பார். "இது நம்பளுது இல்ல" என்பார். பார்த்தால் அது வலது துண்டாக இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால்கூட எண்ணிக்கொண்டுதான் போடுவார்கள் என்பான் மாதேஷ்.

இப்படி எல்லாவற்றையும் எண்ணுகிறவர், மனிதர்களை மட்டும் எண்ணமாட்டார். விரலை நீட்டி ஆள் எண்ணுவது அவருக்கு ஆகாது. "ஆடு மாடா, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணறதுக்கு? மனுசர எண்ணினா கண்ணுபட்டு ஒண்ணு கொறஞ்சிபோவும்" என்பார். எங்கள் சூப்பர்வைசர் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது விரலை நீட்டி ஒன், டூ என்று வரிசையை எண்ணுகிறவர். அவர் எண்ண ஆரம்பித்ததும் அக்கா மெதுவாக அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எண்ணிக்கையில் தினமும் ஒன்று குறையும். சூப்பர்வைசர் மறுபடி எண்ணுவார், மறுபடி குறையும். "நான் இருக்கறேன் சார், எழுதிக்கோங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். இது அவர்கள் இருவருக்கும் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஆள் எண்ணாமல் ஆளைக் கணக்கு வைக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அணைக்குப் போவதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ராயக்கோட்டையைத் தாண்டி மலைப் பக்கமாக உள்ளே போனால் காட்டுக்குள் ஒரு பழைய அணை இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வந்து நிற்பீர்கள், எனக்கு உட்கார நிழல் கிடைக்காது. கருங்கல் கட்டடம். மதகை ஏற்றி இறக்கும் இரும்புச் சக்கரங்கள் துருப்பிடித்து, யார் பேச்சையும் கேட்காத நிலையில் வரிசையாக நிற்கும். கரைமேல் ஒரு கல்வெட்டு. கட்டிய வருஷமும் கட்டியவர் பெயரும் அதில் இருந்திருக்கவேண்டும். காதலர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிச் செதுக்கி, இப்போது படித்தால் அணையைக் கட்டியது ஒரு நூறு ஜோடிகள் என்றுதான் தோன்றும். கரைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, இரண்டு மூன்று புளியமரம், மீன் வறுக்கிற கடை. அந்தப் பக்கம் ஏரி. மூன்று புறமும் மலை, மலை முழுக்க மூங்கில். சாயங்காலம் யானை தண்ணீருக்கு வரும் என்பதால் ஐந்து மணிக்கு வனத்துறை வாட்சர் சங்கிலியைப் போட்டு வழியை மூடிவிடுவார். அதற்குள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை, மாம்பழ சீசனில், எங்கள் செக்‌ஷன் ஒரு மினி பஸ் பிடித்து அங்கே போகும். பரிசல் சவாரி, மதகுக்குக் கீழே குளியல், மீன் வறுவல். அக்காவின் அம்மா வீடு நாகரசம்பட்டி பக்கம். அங்கே அவர் பங்குக்கு நான்கு செந்தூரா மாமரம். பஸ் கிளம்பும்போது ஒரு துணிப்பையோடு ஏறி, ஆளுக்கொரு செந்தூரா கொடுப்பார். மத்தியானம் சாப்பிட்டதும் அதைத் தின்னவேண்டும். தின்றுவிட்டுக் கொட்டையை எறியக்கூடாது. திரும்பி வரும்போது பஸ் படியில் அக்கா பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதில் கொட்டையைப் போட்டால்தான் ஏறலாம். ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தால் ஆளை எண்ணியது போல் ஆகிவிடுமாம், அதனால் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொள்வார். எல்லாரும் ஏறியபின் கொட்டைகளை மடியில் கொட்டி எண்ணுவார். சரியாக வந்தால் வண்டி கிளம்பும்.

நான் சேர்வதற்கு முந்திய வருஷம் மாதேஷ் தன் கொட்டையை ஏரிக்குள் எறிந்துவிட்டானாம். எவ்வளவு தூரம் போகிறது பார் என்று பந்தயம். ஒன்று குறைகிறது என்று அக்கா வண்டியை எடுக்க விடவில்லை. ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான், கொட்டைதான் இல்லை என்று எல்லாரும் கெஞ்சினார்கள். "பைல கொறயுதே" என்று அதையே சொன்னாராம். கடைசியில் கொட்டைக்குப் பதிலாக அவனுடைய ஒரு செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்ட பிறகுதான் கணக்கு நேரானது. திங்கட்கிழமைவரை செருப்பு அவர் வீட்டில் இருந்தது. மாதேஷ் ஓசூர் பஸ் நிலையத்தில் ஒற்றைக் காலில் செருப்போடு இறங்கி வீட்டுக்கு நடந்து போனான். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அந்த ஒற்றைச் செருப்புதான் காரணம்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் திருவாரூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்து, வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பையோடு ஓசூருக்கு வந்தவள். மூன்று மாதம் ஆகியும் ஒட்டவில்லை. வெயில் காலத்திலும் காலையில் குளிர்ந்தது. கடையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், அறையில் என்னோடு இருந்த மூன்று பெண்களும் வேறு வேறு ஷிஃப்ட். நான் வரும்போது தூங்குவார்கள், நான் தூங்கும்போது கிளம்புவார்கள். செக்‌ஷனில் என் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயர்தான் என் பெயர். "ஏ திருவாரூரு, அந்த டேப்ப எடு" என்பார்கள். அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஊருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அணைக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. இதை இன்னும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று டிரைவரோடு சேர்த்து மொத்தம் இருபத்து நான்கு பேர். அக்காவுக்கு ஏகப்பட்ட குஷி.

"கரெக்டா ஒரு பெட்டி" என்று பையை ஆட்டிக்கொண்டே ஏறினார். டிரைவர் அத்திப்பள்ளிக்காரர், கன்னடம்தான் பேசுவார். அவருக்கும் ஒரு பழம் கொடுத்து, கொட்டையைத் திருப்பித் தரவேண்டும் என்று அக்கா கன்னடத்தில் விளக்கினார். அவர் பழத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தேன். என் கையில் பழத்தை வைத்தபோது அக்கா, "எறிஞ்சிடாத" என்றார். அவ்வளவுதான்.

நன்றாகத்தான் இருந்தது அந்த நாள், பொய் சொல்லக்கூடாது. பரிசல்காரர் நடு ஏரியில் பரிசலைச் சுழற்றினார். சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டாமல் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். மதகுக் கசிவில் எல்லாரும் குளித்தார்கள். மீன் வறுவல் தீரத் தீர வந்துகொண்டே இருந்தது. அதன்பின் புளியமரத்தடியில் இருபத்து நான்கு பேரும் உட்கார்ந்து செந்தூரா தின்றோம். அப்படி ஒரு இனிப்பு. சாறு முழங்கைவரை வழிந்தது. நான் கொட்டையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, கையில் வைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அணையில் சிக்னல் கிடையாது. கரையின் கோடியில் ஒரு பாறை மேடு உண்டு, அங்கே ஏறினால் ஒரு கோடு வரும் என்று மீன்கடைக்கார அம்மா சொன்னார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனேன். யாரிடம் சொல்வது? ஏறினேன். ஒரு கோடு வந்தது, போனது. கையை உயர்த்தி, இறக்கி, பாறையைச் சுற்றி வந்து, கடைசியில் மணி அடித்தது. "அம்மா, நான் ஊருக்கு வந்துடறேம்மா" என்றேன். "என்னடி? சரியா கேக்கல" என்றாள் அம்மா. கட்டாகிவிட்டது. மறுபடி முயன்றேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மாதேஷ் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா கூடும். மசாலாவை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

எல்லாரும் ஏறினார்கள். டிரைவரும் தன் கொட்டையை மரியாதையாகப் பைக்குள் போட்டார். அக்கா மடியில் கொட்டி எண்ணினார். இருபத்து மூன்று.

"ஒண்ணு கொறயுது."

பஸ் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. முந்திய வருஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. டிரைவர் மணியைக் காட்டி, "ஹோகோணா?" என்றார், கிளம்பலாமா என்று. சங்கிலி போட இன்னும் ஐந்து நிமிஷம்தான். "இரி, இரி" என்று அவரை நிறுத்திவிட்டு அக்கா மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

மாதேஷ் அந்த வருஷம் தயாராக வந்திருந்தான். எங்கே மறுபடியும் செருப்பு போய்விடுமோ என்று, கரையில் மாங்காய்க் கீற்று விற்ற பாட்டியிடம் கேட்டு ஒரு கொட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எவனோ தன்னைப் போலவே கொட்டையை ஏரியில் எறிந்துவிட்டான் என்றுதான் அவன் நினைத்தான். ஆளே குறையும் என்று அவனுக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா எண்ணிக்கொண்டிருக்கும்போது குனிந்து, அந்தக் கொட்டையைப் பைக்குள் நழுவவிட்டான். எண்ணி முடித்து அக்கா பையைத் தடவினார். அடியில் ஒன்று கிடந்தது. இருபத்து நான்கு.

"பாத்தியாக்கா, உனக்கே எண்ணத் தெரியல" என்றான்.

எல்லாரும் கைதட்டினார்கள். வண்டி கிளம்பியது. சங்கிலியைத் தாண்டியதும் வாட்சர் அதை மாட்டிப் பூட்டினார். பின் சீட்டில் பாட்டு ஆரம்பித்தது. போகும்போது உட்கார்ந்த இடத்தில் வரும்போது யாரும் உட்காரவில்லை, ஆளாளுக்கு இடம் மாறியிருந்தார்கள். என் இடத்தில் மீதி மீன் பொட்டலமும் ஈரத் துண்டுகளும் இருந்தன.

அக்கா மட்டும் பாட்டில் சேரவில்லை. அவருக்கு எண்ணிக்கை தப்பியதே இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். காட்டு வழியில் இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள். மனசு கேட்காமல் கையைப் பைக்குள் விட்டுத் துழாவியிருக்கிறார். பெட்டிக்குள் துழாவுகிற அதே துழாவல். கை நின்றது. ஒரு கொட்டையை உருவி வெளியே எடுத்தார். செந்தூராக் கொட்டை குட்டையாக, உருண்டையாக இருக்கும். இது நீளம், தட்டை. தோத்தாபுரி, கிளிமூக்கு மாங்காய்.

"இது நம்பளுது இல்ல" என்றார்.

பாட்டு நின்றுபோனது. அந்த வார்த்தை செக்‌ஷனில் எல்லாருக்கும் பழக்கம். அக்கா எழுந்து, கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, சீட் சீட்டாக நடந்து வந்தார். மாதேஷ் அவர் முகத்தைப் பார்த்தான். குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றி நீட்டினான்.

"செருப்பு கெடக்குதுடா" என்றார் அக்கா. "கொட்டை கொறயல. ஆளு கொறயுது."

பிறகு அவர் செய்ததை மாதேஷ் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டான். அக்கா பஸ்ஸின் நடுவில் நின்று, வாழ்நாளில் முதல் முறையாக, விரலை நீட்டி மனிதர்களை எண்ணினாராம். ஒவ்வொரு முகமாக. தெலுங்கில், சத்தமாக. இருபத்து மூன்றில் விரல் நின்றது.

"திருவாரூரு எங்க?"

நான் அப்போது கீழே இறங்கி வந்திருந்தேன். புல்வெளி காலியாக இருந்தது. மீன்கடை அடுப்பில் புகை மட்டும். பஸ் நின்ற இடத்தில் ஆயில் சொட்டு. முதலில் எனக்குப் பயம் வரவில்லை. நான் நினைத்தது சரிதான் என்று ஒரு கசப்பான திருப்தி வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். இருபத்து மூன்று பேர் போயிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. நாளைக்கு நான் ஊருக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? கரைப் படியில் உட்கார்ந்தேன். எதிர்க்கரை மூங்கிலுக்குள் மடமடவென்று ஏதோ முறிந்தது. அப்போதுதான் பயம் வந்தது. திருப்தியெல்லாம் போன இடம் தெரியவில்லை. போனில் கோடு இல்லை. கையில் கொட்டை இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யானைக்கு எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அதற்கு விடை தெரியாது.

சத்தம்தான் முதலில் வந்தது. பஸ்ஸைச் சங்கிலிக்கு வெளியே நிறுத்திவிட்டு அத்தனை பேரும் நடந்து வந்திருக்கிறார்கள். காட்டுக்குள் இருபத்து மூன்று பேர் ஆளுக்கொரு ராகத்தில் கத்தினார்கள்.

"திருவாரூரூ... ஏ திருவாரூரூ..."

அவர்கள் பின்னாலேயே சாவிக்கொத்தோடு ஓடி வந்த வாட்சர், "திருவாரூரு பஸ்ஸு இங்கல்லாம் வராதுங்கம்மா, கிருஷ்ணகிரி போய்த்தான் ஏறணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் அக்கா வந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, மூச்சு வாங்க, கையில் பையோடு. அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர், டிரைவர், ஒரு காலில் செருப்போடு மாதேஷ். மற்றதைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டானாம்.

நான் எழுந்து நின்றேன். திட்டு விழப் போகிறது என்று தயாராக இருந்தேன். அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா கிட்டே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கே போனாய், ஏன் போனாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை நீட்டினார்.

"கொட்டை?"

கையைத் திறந்தேன். இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மடங்கியபடியே நின்றன. அக்கா கொட்டையை எடுத்தார். குனிந்து பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தபடி கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"இது நம்பளுது" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்று மாதத்து அழுகை, அது பாட்டுக்கு வந்தது. சூப்பர்வைசர் அணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மாதேஷ்தான், "ஏம்மா, அழுவறத பஸ்ல அழுவலாமா? யானை வந்தா அதுக்கும் ஒரு மாம்பழம் குடுக்கணும், கையில இல்ல" என்றான். அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்தால் அழுகை நிற்கும் என்பார்கள், எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

சங்கிலிக்கு வெளியே பஸ் படியில் அக்கா மறுபடி உட்கார்ந்தார். தோத்தாபுரிக் கொட்டையை மாதேஷின் சட்டைப் பையில் திணித்தார். செந்தூராக் கொட்டைகளை மடியில் கொட்டி ஒகட்டியிலிருந்து ஆரம்பித்தார். மற்ற இருபத்து மூன்று பேரும், வாட்சரும்கூட, சுற்றி நின்றோம். இரவை நாலுகு, அதாவது இருபத்து நான்கு என்று முடித்துப் பையைக் கட்டினார். டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்த முறை என்னை முன் சீட்டில், தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். மலை இறங்கி ராயக்கோட்டைச் சாலையைத் தொட்டதும் எல்லார் போன்களும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. என் போனில் அம்மா. பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"ஏன்டி, ஊருக்கு வர்றேன்னு சொன்னியே, பாதியில கட்டாயிடிச்சு. எப்ப வர்ற?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ராயக்கோட்டை மலைமேல் இருக்கிற பழைய கோட்டையில் கொஞ்சம் வெளிச்சம் மீதி இருந்தது. பின்னால் மறுபடி பாட்டு ஆரம்பித்திருந்தது.

"தீபாவளிக்கும்மா" என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, எதிரே வருகிற தக்காளி லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கை விட்டுப்போகாமல் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். லாரிகள் கடந்து போகும்வரை போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். அந்தப் பக்கம் அம்மாவும் காத்திருந்தாள். பிறகு கை இறங்கியது.

"தீபாவளிக்குன்னா டிக்கெட்ட இப்பவே போட்டுடு" என்றார். "ரெண்டா போடு. வர்றதுக்கும் சேத்து."